பெட்டியைத் திறக்கும் உரிமை யாருக்கு?

“ஹேக்கர் மனப்பான்மை வேண்டும்!” இதுதான் இன்று முதலாளிமார் ஜபிக்கும் புது மந்திரம். நிர்வாகப் படிப்புச் சொல்லித் தரும் கல்லூரிகளிலும் கம்பெனிகளின் மகாநாடுகளிலும் இந்த உபதேசம் தடபுடலாக நடக்கிறது. பழைய வழியை உடை, புது வழி கண்டுபிடி, தொழிலை மாற்று, சமுதாயத்தையே மாற்று என்கிறார்கள். 2012-ல் பேஸ்புக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் அதிபர் மார்க் ஜுக்கர்பெர்க் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், ‘ஹேக்கர் வழி’யே எங்கள் வழி என்று பிரகடனம் செய்தார். கலிபோர்னியாவில் அக்கம்பெனியின் தலைமை அலுவலக விலாசத்திலேயே அந்தப் பெயர் இருந்தது.

ஹேக்கர் என்றால் கம்ப்யூட்டர் மூலம் பாங்குக் கணக்கில் கன்னம் வைப்பவன் என்றுதான் தினசரிகளில் நாம் படிக்கிறோம். அப்படியானால் திருடனைப் போல் நடக்கச் சொல்கிறார்களா? முதலாளிமாருக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா என்று நம் தோழர்கள் கேட்கக்கூடும்! கேலி இருக்கட்டும். அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு பிறப்பு உண்டு. அதைத் தெரிந்துகொள்வது நமக்கு உபயோகமானது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்விக்கூடம் இருக்கிறது. 1950-களின் கடைசியில் அங்கே மாணவர்கள் ஒரு பொம்மை ரயில் சங்கம் வைத்திருந்தார்கள். மேஜை மேல் ரயில் ஓடும். மேஜைக்கு அடியில் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுச் சாமான்களைக் கொண்டு அவர்களே இணைத்த கம்பிகள் சிலந்திவலை போலக் கிடக்கும். சாமர்த்தியமாக ஒரு கோளாறைத் தீர்த்தவனை, ஒரு புது இணைப்பைக் கண்டவனை, ‘ஹேக்கர்’ என்று அவர்கள் பாராட்டினார்கள். 1958-ல் கம்ப்யூட்டர் ஒன்று அவர்கள் கைக்கு எட்டியது. பகலில் பெரியவர்கள் உபயோகிப்பார்கள். இரவில் இந்தப் பையன்கள் உட்காருவார்கள். எழுதிய புரோகிராமைக் காகித நாடாவில் துளையிட்டு ஒரு டிராயரில் போட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மேலும் சீர்ப்படுத்தலாம், திரும்பவும் டிராயரில் போடலாம்.

மூடியிருப்பதைத் திறந்து பார். பழுதை நீயே சரி செய். கண்டதை மற்றவனுக்கும் சொல். ஹேக்கர் புத்தி என்பது இவ்வளவுதான். இதில் நமக்குப் புதிது என்ன? ரிங் பிரேம் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடும் பிட்டரை நாம் அறிவோம். கிணற்றடியில் ஆயில் என்ஜின் நின்றுபோனால், சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போட்டு அன்றைய இறைப்பை முடித்துவிடும் விவசாயத் தொழிலாளியை நாம் அறிவோம். அவர்களுக்கு இந்தப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உழைப்பாளிக்குப் புத்தி உண்டா என்பது அல்ல நம் கேள்வி. அவன் புத்தியில் உதித்தது எங்கே போய்ச் சேருகிறது என்பதே கேள்வி.

நூற்றவன் கதை

பஞ்சாலைத் தோழர்கள் சாமுவேல் கிராம்ப்டனின் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் போல்ட்டன் என்ற ஊர். 1753-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, வீட்டில் நூல் நூற்றும் நெய்தும் வளர்ந்தவர். அவர் நூற்றது ‘ஜென்னி’ என்ற யந்திரத்தில். அதில் வந்த நூல் அறுந்துகொண்டே இருக்கும், ஊடைக்குத்தான் லாயக்கு. பாவுக்கு வேண்டிய கெட்டி நூலை ஆர்க்ரைட்டின் தண்ணீர் யந்திரம் கொடுத்தது. ஆனால் அது முரட்டு நூல்.

அன்றாடம் அறுந்த நூலை முடிந்து முடிந்து அலுத்துப்போன அந்த வாலிபர், இரண்டு யந்திரங்களையும் ஒன்றாக இணைத்தால் என்ன என்று யோசித்தார். ஒன்றிலிருந்து உருளைகள், மற்றொன்றிலிருந்து முன்னும் பின்னும் நகரும் வண்டி. ஐந்து வருஷ காலம் பாடுபட்டார். செலவுக்குப் பணம் வேண்டுமே! போல்ட்டன் நாடகக் கொட்டகையில் இரவில் பிடில் வாசித்துச் சம்பாதித்தார் என்று சொல்வார்கள். 1779-ல் யந்திரம் தயாராயிற்று. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதையின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: ‘மியூல்’. அதில் இழைத்த நூல் கெட்டியாகவும் இருந்தது, மெல்லியதாகவும் இருந்தது.

சந்தையில் அந்த நூலைக் கண்டு எல்லோரும் திகைத்தார்கள். இவன் எப்படி நூற்கிறான் என்று பார்க்க வீட்டு ஜன்னலில் ஏணி வைத்து ஏறினார்களாம்! பேடண்ட் வாங்கப் பணமில்லாத கிராம்ப்டனுக்கு இரண்டே வழிகள் இருந்தன: யந்திரத்தை உடைத்துப்போடுவது, அல்லது ஊருக்குக் கொடுத்துவிடுவது. மில் முதலாளிமார் வந்தார்கள். ரகசியத்தைச் சொல்லு, நாங்கள் சந்தா போட்டுப் பணம் தருகிறோம் என்று பட்டியலில் கையெழுத்தும் போட்டார்கள். அவர் நம்பிக் கொடுத்தார். வசூலானது சுமார் 60 பவுன். யந்திரத்தைப் பார்த்துக்கொண்ட பிறகு காசு தர மறுத்தவர்களும் உண்டு.

1811-ல் கிராம்ப்டன் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தார். அவருடைய முறையில் அப்போது 40 லட்சம் கதிர்களுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன! மறு வருஷம் பார்லிமெண்ட் 5,000 பவுன் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 1827-ல் ஏழையாகவே அவர் இறந்தார்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. அதுவரை மஸ்லின் என்றால் இந்திய நெசவாளியின் கைவண்ணம். மியூல் நூல் வந்த பிறகு லங்காஷயரே மஸ்லின் நெய்தது. நம் நாட்டு நெசவாளிகளின் வயிற்றில் அடித்ததில் அந்த நூலுக்கும் பங்கு உண்டு. கிராம்ப்டன் அதற்காகவா ஐந்து வருஷம் பாடுபட்டார்? அறுந்த நூலை முடிவதிலிருந்து விடுதலை தேடிய ஒரு தொழிலாளி அவர். ரகசியம் கைமாறிய பிறகு அது யாருக்கு நன்மை செய்யும், யாரைக் கெடுக்கும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. திறந்த மனசோடு கொடுத்தார். நிபந்தனை இல்லாமல் கொடுத்தார். அந்த இடத்தில்தான் ஏமாந்தார்.

ஒரு பிரிண்டரும் ஒரு பத்திரமும்

இருநூறு வருஷம் கழித்து, அதே எம்.ஐ.டி.யில், இந்தக் குறைக்கு ஒருவர் பரிகாரம் தேடினார். அவர் பெயர் ரிச்சர்ட் ஸ்டால்மன். விஷயம் அற்பமானது. 1980 வாக்கில் அவர் வேலை செய்த கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் புது பிரிண்டர் வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். முந்திய பிரிண்டரிலும் இதே தொல்லை உண்டு. ஆனால் அதன் புரோகிராமின் மூலப் பிரதி கையில் இருந்ததால், காகிதம் சிக்கினால் சம்பந்தப்பட்டவர்களுக்கு உடனே தகவல் போகும்படி அவர் மாற்றி எழுதியிருந்தார். புது பிரிண்டருக்கோ மூலப் பிரதி தரப்படவில்லை. வேறொரு கல்விக்கூடத்தில் அதை வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

மூலப் பிரதி என்றால் என்ன? சமையல்காரன் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு இருந்தால் உப்பைக் கூட்டலாம், காரத்தைக் குறைக்கலாம். வெந்த குழம்பு மட்டும் கையில் இருந்தால் அதிலிருந்து உப்பை எடுக்க முடியுமா? கம்பெனிகள் குழம்பை விற்றன. குறிப்பைப் பூட்டி வைத்தன.

1983-ல் ஸ்டால்மன், எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய புரோகிராம்களை எழுதப் போவதாக அறிவித்தார். நிறையப் பேர் கூடினார்கள். ஆனால் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு புரோகிராம் அல்ல என்பது நம் அபிப்பிராயம். 1989-ல் அவர் வெளியிட்ட ஒரு லைசென்ஸ் பத்திரமே அது. அதன் சாரம் இது: இந்தப் புரோகிராமை யாரும் உபயோகிக்கலாம், திறந்து படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் இதையோ, இதில் மாற்றம் செய்ததையோ மற்றவனுக்குக் கொடுப்பவன், அதே உரிமைகளையும் மூலப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். ஆளுகிறவர்கள் எழுதிய காப்புரிமைச் சட்டத்தையே எடுத்து, அதைத் தலைகீழாகத் திருப்பி, பொதுச் சொத்துக்கு வேலியாக்கிவிட்டார்! ஹேக்கர் புத்தி என்றால் இதுவல்லவா ஹேக்கர் புத்தி?

பின்லாந்தில் 21 வயது மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய ‘லினக்ஸ்’ அடுத்த வருஷமே இந்தப் பத்திரத்தின் கீழ் வந்தது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதைச் செப்பனிட்டார்கள். 2017 முதல் உலகின் மிகப் பெரிய 500 கம்ப்யூட்டர்களும் லினக்ஸில் ஓடுகின்றன. நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடிமனையும் அதுவே.

இதைக் கண்டு முதலாளித்துவம் சும்மா இருக்குமா? லினக்ஸைச் சுற்றிச் சேவை விற்று வளர்ந்த ‘ரெட் ஹாட்’ கம்பெனியை 2019-ல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இனாமாக உழைத்தவர்களில் எத்தனை பேருக்கு அதில் பங்கு போயிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பத்திரத்திலும் ஓட்டை உண்டு. புரோகிராமைப் பிறருக்குக் கொடுக்காமல் தன் கம்ப்யூட்டரிலேயே ஓட்டி, சேவையை மட்டும் விற்பவனை அது தொடாது. 2007-ல் அதை அடைக்க இன்னொரு பத்திரம் எழுதினார்கள். பெரிய கம்பெனிகள் அதைக் கண்டு ஒதுங்கிப் போகின்றன.

கொல்லன் கம்பெனி போட்ட பூட்டு

இப்போது வயலுக்கு வருவோம்.

பச்சை உடம்பும் மஞ்சள் சக்கரமுமாக ஒரு டிராக்டர் நம் ஊர்களிலும் ஓடுகிறது. ‘ஜான் டீர்’ என்ற அமெரிக்கக் கம்பெனியின் சரக்கு. அந்தப் பெயருக்கு உரியவர் யார்? இல்லினாய் மாகாணத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு கருமான். அந்தப் பக்கத்துக் கரிசல் மண் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொள்ளும்; உழவன் அடிக்கடி நின்று சுரண்ட வேண்டும். 1837-ல் அந்தக் கருமான், மர அறுப்பு ஆலையில் உடைந்துபோன ஒரு ரம்பத் தகட்டை எடுத்து வளைத்துப் பளபளப்பான எஃகுக் கொழு செய்தார். மண் ஒட்டவில்லை. வேறு ஒன்றுக்காகச் செய்ததை எடுத்துத் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டார். அவரை யாராவது, ரம்பத்தைச் செய்த கம்பெனியிடம் அனுமதி வாங்கினாயா என்று கேட்டார்களா?

அவர் பெயரில் நடக்கும் கம்பெனி இன்று அதைத்தான் கேட்கிறது! அமெரிக்காவில் ஓடும் அதன் பெரிய யந்திரங்களில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஓர் உணர்கருவி கெட்டாலும் யந்திரம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு முடங்கும். பழுது என்ன என்று முழுதாகப் பார்க்கும் புரோகிராம் கம்பெனியின் டீலர்களிடம்தான் உண்டு. புது உறுப்பை மாட்டினாலும், டீலரின் ஆள் வந்து கம்ப்யூட்டரில் அதை ஏற்கச் செய்தால்தான் யந்திரம் ஓடும் என்ற நிலைமை இருந்தது. கதிர் முற்றி நிற்கிறது, மழை கறுத்து வருகிறது, யந்திரம் நிற்கிறது, டீலருக்கோ நேரமில்லை. இந்த நிலைமையில் விவசாயி என்ன செய்வான்?

2015-ல் அந்நாட்டின் காப்புரிமை அலுவலகத்தில் விசாரணை நடந்தபோது அக்கம்பெனி என்ன வாதாடிற்று தெரியுமா? டிராக்டரை வாங்கியவன் அதிலுள்ள புரோகிராமுக்குச் சொந்தக்காரன் அல்ல; வண்டி இருக்கும் காலம் வரை அதை ஓட்டிக்கொள்ளும் அனுமதி மட்டுமே அவனுக்கு உண்டு என்றது. விலை கொடுத்து வாங்கியவன் குத்தகைக்காரன் ஆகிவிட்டான்! குத்தகைக்காரனின் கதி என்ன என்று தஞ்சாவூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. உக்ரேன் பக்கத்திலிருந்து பூட்டு உடைத்த புரோகிராம்களை வாங்கித் தங்கள் டிராக்டரைத் தாங்களே செப்பனிட்டார்கள் என்று 2017-ல் செய்தி வந்தது. அதே உக்ரேனில் 2022-ல் யுத்தத்தின்போது, களவு போன இந்தக் கம்பெனி யந்திரங்களைத் தூரத்திலிருந்தே முடக்கிவிட்டதாகவும் செய்தி வந்தது. திருடனுக்கு நல்ல பாடம் என்று பலர் கைதட்டினார்கள். நாம் கைதட்டுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திருடனின் வண்டியை நிறுத்தக்கூடிய கை, தவணை பாக்கி வைத்த விவசாயியின் வண்டியையும் நிறுத்தக்கூடிய கைதானே?

அந்த வருஷம் ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த ஹேக்கர் மகாநாட்டில், ‘சிக் கோட்ஸ்’ என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் ஜான் டீர் டிராக்டரின் கம்ப்யூட்டர் பூட்டைத் திறந்து காட்டினார். பெட்டிக்குள் இருந்தது என்ன? லினக்ஸ்! ஊர் கூடி எழுதி, ஊருக்கே உரியது என்று பத்திரம் போட்டு வைத்த அதே பொதுச் சொத்து. அதை இனாமாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, மேலே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பத்திரத்தின் நிபந்தனைப்படி மூலப் பிரதியைக் கொடுங்கள் என்று, பொது மென்பொருள் உரிமைக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு 2023 மார்ச்சில் ஜான் டீர் கம்பெனியைப் பகிரங்கமாகக் கேட்டது. கிராம்ப்டனிடம் இல்லாத ஆயுதம் இது. கேட்பதற்கு ஒரு காகிதமாவது கையில் இருக்கிறது.

திறந்துவிட்டால் ஆபத்து, புகை அதிகமாகும், விபத்து நேரும் என்கிறது கம்பெனி. பிரேக்கிலும் புகையிலும் கண்டவன் கை வைக்கக்கூடாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அதற்குச் சட்டமும் பரிசோதனையும் இருக்கட்டும். மில்லில் கியர் பெட்டியைத் திறப்பதும் ஆபத்துத்தான். அதனால் பெட்டியை யாரும் திறக்கக்கூடாது என்றா சொல்கிறோம்? பிட்டருக்குப் பயிற்சி கொடு என்கிறோம்.

போராட்டத்துக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. கொலராடோ மாகாணம் 2023-ல் விவசாய யந்திரங்களைச் செப்பனிடும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் இந்த வகையில் இதுவே முதல் சட்டம். 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே இரண்டு மாகாணங்களோடு சேர்ந்து கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. யந்திரத்தை உருவாக்கும் தொழிலாளிகள் நிலைமை என்ன? 2021-ல் கம்பெனி சுமார் 600 கோடி டாலர் லாபம் கண்ட வருஷத்தில், சுமார் 10,000 ஜான் டீர் தொழிலாளிகள் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்துதான் சம்பள உயர்வு பெற்றார்கள். செய்தவனுக்கும் பூட்டு, வாங்கியவனுக்கும் பூட்டு!

“டிராக்டர் எங்களுக்கு ஏது? அறுவடை யந்திரம் வந்து எங்கள் கூலியைப் பறித்தது போதாதா?” என்று விவசாயத் தொழிலாளிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. யந்திரம் வந்து அறுப்பு வேலை போயிற்று. யந்திரத்தை ஓட்டவும் ரிப்பேர் செய்யவும் நம் பிள்ளைகள் கற்றுக்கொண்ட வேலையாவது ஊரில் மிஞ்சட்டும் என்றால், அதையும் பட்டணத்து டீலரின் லாப்டாப்புக்குள் கொண்டுபோய்விட்டால் மிச்சம் என்ன? ரிப்பேர் செலவு ஏறினால் மணி வாடகை ஏறும். அதைச் சொல்லிக் கூலியில் கை வைப்பார்கள்.

எதைச் செய்வது என்று கேட்ட தொழிலாளிகள்

யந்திரத்தைத் திறந்து பார்ப்பதோடு நில்லாமல், தொழிற்சாலையையே திறந்து பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டனில் லூக்காஸ் ஏரோஸ்பேஸ் என்ற விமான உறுப்புக் கம்பெனி. 1970-களில் ஆட்குறைப்பு அபாயம் வந்தது. ராணுவச் சாமான்கள் அங்கே முக்கியமான உற்பத்தி. பல ஆலைகளின் சங்கப் பிரதிநிதிகள் ஒன்றுகூடினார்கள். முதலில் படித்த நிபுணர்கள் 180 பேருக்குக் கடிதம் எழுதி, நாங்கள் வேறென்ன செய்யலாம் என்று கேட்டார்கள். பதில் போட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பிறகு சொந்தத் தொழிலாளிகளையே கேட்டார்கள்: நம்மிடம் என்ன யந்திரம் இருக்கிறது, என்ன திறமை இருக்கிறது, ஜனங்களுக்கு என்ன தேவை?

யோசனைகள் வந்து குவிந்தன! 1976 ஜனவரியில் 150 பொருள்கள் கொண்ட திட்டம் வெளியாயிற்று. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் யந்திரம். முதுகெலும்புக் குறையோடு பிறந்த குழந்தைகள் தாங்களே ஓட்டிச் செல்லும் சிறு வண்டி. சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் பஸ். என்ஜினும் பாட்டரியும் சேர்ந்து இழுக்கும் மோட்டார். கடைசியில் சொன்ன அந்த மோட்டாரை ஜப்பானியக் கம்பெனி ஒன்று சந்தைக்குக் கொண்டுவர மேலும் இருபது வருஷம் ஆயிற்று. லூக்காஸ் நிர்வாகம் திட்டத்தை நிராகரித்தது. அன்றிருந்த தொழிற்கட்சி சர்க்காரும் நிர்வாகத்தை வற்புறுத்தவில்லை. திட்டத்தின் முன்னணியில் நின்ற என்ஜினீயர் மைக் கூலி 1981-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

தொழிலாளி புதுமை செய்ய வேண்டும் என்று உபதேசிப்பவர்கள், 150 புதுமைகளை ஒரே கட்டாகக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தபோது என்ன செய்தார்கள் என்பதற்கு இது சாட்சி. அவர்கள் கேட்கும் புத்தி, நூலை வேகமாக இழுக்கும் புத்தி. எந்தத் துணி, யாருக்கு என்று கேட்கும் புத்தியை அவர்கள் கேட்கவில்லை.

நம் நாட்டில் மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ‘செப்பனிடும் உரிமை’ பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகளும் அதன் வரம்பில் இருந்தன. அந்த வருஷக் கடைசியில் ஒரு வலைத்தளமும் திறந்தார்கள். வலைத்தளத்தைக் காட்டினால் டீலர் பூட்டைத் திறந்துவிடுவானா? சட்டம் வேண்டும். அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் டிராக்டரும் அறுவடை யந்திரமும் வாங்கி வாடகைக்கு விடுகின்றன. வாங்கும்போதே, தமிழில் ரிப்பேர்க் கையேடு, பழுது பார்க்கும் புரோகிராம், உள்ளூர் மெக்கானிக்குத் திறக்கும் அனுமதி மூன்றும் தராத கம்பெனிக்கு ஆர்டர் இல்லை என்று எழுதலாம். பொதுப் பணத்தில் வாங்கும் யந்திரத்துக்கு இதைக்கூடக் கேட்கக் கூடாதா?

பஞ்சாலைகளில் புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர் பலகைகளின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, கையேடு எந்த பாஷையில் இருக்கிறது என்று அந்தந்த மில்லில் தோழர்கள் விசாரியுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கும் பஞ்சப்படிக்கும் அடுத்தபடியாக இதையும் சேருங்கள்: பிட்டர்களுக்குப் புது யந்திரத்தில் முழுப் பயிற்சி, தமிழில் கையேடு, தொழிலாளி சொன்ன யோசனையால் உற்பத்தி கூடினால் அவன் பெயரும் பங்கும் எழுத்து மூலம், அந்த யோசனையைக் காட்டிப் பக்கத்து யந்திரத்துத் தோழனை வீட்டுக்கு அனுப்புவதில்லை என்ற உறுதியும் எழுத்து மூலம்.